குளக்கட்டில் எறிந்த களிமண் உருண்டை: வௌவாலுக்குப் பெரிது சிறிது எப்படித் தெரிகிறது?

இரணைமடுக்காரி | ஞாயிறு, இரவு 8.15

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வாரமாக மனதுக்குள் கிடக்கிற கேள்வி இது. விளங்கியவர்கள் சொல்லுங்கள்.

எங்கள் வீடு இரணைமடுக் குளக்கட்டுக்குக் கிட்ட. ஆறரை மணி தாண்டிப் பொழுது கருகும்போது சின்ன வௌவால்கள் மரங்களுக்குள் இருந்து கிளம்பித் தண்ணீருக்கு மேலே சுற்றத் தொடங்கும். மகன் தரம் ஏழு படிக்கிறான். போன கிழமை குளத்துக் களிமண்ணில் உருண்டை பிடித்து மேலே எறிந்து விளையாடிக்கொண்டிருந்தான். கடலை அளவில் சில, போளை அளவில் சில, தேசிக்காய் அளவில் சில.

கடலை அளவு உருண்டை மேலே போனதும் ஒரு வௌவால் வளைந்து அதன் பின்னாலேயே வந்தது. ஒரு முழம் இடைவெளி வரைக்கும் வந்து, தொடாமல் சட்டென்று விலகிப் போய்விட்டது. திரும்ப எறிந்தான், திரும்பவும் அப்படியே. போளைக்கும் வந்தன, ஆனால் குறைவு. தேசிக்காய் அளவு உருண்டையை ஒன்றுகூடச் சட்டை செய்யவில்லை. பாதையில் குறுக்கிட்டால் ஒதுங்கிப் பறந்தன, அவ்வளவுதான். நான்கு பின்னேரம் நானும் கூட நின்று பார்த்தேன், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய இதே கதை.

வௌவால் சத்தம் போட்டு, அது பட்டுத் திரும்புவதைக் கேட்டுத்தான் பறக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் மகன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "அம்மா, தூரத்தில் உள்ள பெரிய உருண்டையும் கிட்ட உள்ள சின்ன உருண்டையும் ஒரே மாதிரித்தானே கேட்கும்? அது ஏன் ஏமாறவில்லை?" இதைப் பிறக்கும்போதே கொண்டுவருகிறதா, பிறகு பழகுகிறதா?

---

முதிரையடி | ஞாயிறு, இரவு 9.02

தங்கச்சி, நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம் சின்ன வயதில் இதே விளையாட்டு விளையாடியிருக்கிறோம். களிமண் இல்லை, குறுணிக் கல். வந்து வந்து திரும்பும். "கல்லென்று கண்டுகொண்டு போகுது" என்று அப்பு சொல்லுவார்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இலுப்பை பூக்கும் காலத்தில் வருகிற பெரிய வௌவால், கொய்யாவைக் கடித்துப் போடுகிறதே, அது வேறு சாதி. அதற்கு நல்ல கண். கண்ணாலும் மூக்காலும்தான் தேடும். எங்கள் வளவில் பழத்துக்கு மேலே தங்கூசி வலை போட்டால் அது வந்து சிக்கிக்கொள்ளும். சின்ன வௌவால் அந்த வலையில் மாட்டி நான் கண்டதே இல்லை. எத்தனையோ இரவு வலையோரமாய்ச் சுற்றிப் பறந்திருக்கின்றன.

பிறக்கும்போதே வருகிறது என்றுதான் நான் நினைக்கிறேன். மீன்குஞ்சுக்கு நீச்சல் பழக்குகிறவர்கள் யார்?

---

நெடுங்கேணிப் பௌதிகம் | ஞாயிறு, இரவு 10.20

அக்கா, உங்கள் மகன் கேட்டது மிக நல்ல கேள்வி. கணக்குப் போட்டே காட்டலாம் என்பதால் எழுதுகிறேன்.

வௌவாலின் ஒலி போகப் போக விரிந்து மெலிகிறது. உருண்டையில் பட்டுத் திரும்பி வரும்போது இன்னொரு தடவை விரிந்து மெலிகிறது. போகும்போது தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப, வரும்போது இன்னொரு தடவை அதே வர்க்கத்துக்கு ஏற்ப. ஆக, தூரம் இரண்டு மடங்கானால் எதிரொலியின் செறிவு பதினாறில் ஒன்றாகிவிடும். மறுபக்கம், உருண்டையின் குறுக்களவு இரண்டு மடங்கானால் அது திருப்பியனுப்புகிற ஒலி நான்கு மடங்கு. நான்கு மடங்கானால் பதினாறு மடங்கு.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 1 மீற்றரில் உள்ள 1 சென்ரிமீற்றர் உருண்டையும், 2 மீற்றரில் உள்ள 4 சென்ரிமீற்றர் உருண்டையும் ஏறக்குறைய ஒரே உரப்பில் கேட்கும் (காற்று உறிஞ்சுகிற பங்கை விட்டுவிட்டேன்). அக்கா சொன்ன கடலையும் தேசிக்காயும் கிட்டத்தட்ட இதே அளவுகள்தான். உரப்பு மட்டும் காதில் விழுந்தால் வௌவால் கட்டாயம் ஏமாந்திருக்கும். மகனிடம் இதைச் சொல்லுங்கள், அவன் யோசித்தது முழுக்கச் சரி.

இன்னொன்று. ஒலியின் அலைநீளத்தைவிடப் பொருள் மிகச் சிறிதானால் மேலே சொன்ன கணக்கு செல்லாது. அங்கே அளவு பாதியானால் எதிரொலி அறுபத்து நான்கில் ஒன்றாகிவிடும். 50 கிலோஹேட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். நுளம்பு அளவு பூச்சியைத் தேடுகிற வௌவால் நமக்குக் கேட்காத கீச்சுக் குரலில் கத்துவதற்கு இது ஒரு பெரிய காரணம். அலைநீளம் கூடிய தடித்த குரலில் கத்தினால் நுளம்பிலிருந்து திரும்பி வர ஒன்றும் மிஞ்சாது.

---

மல்லாவி விலங்கியல் | திங்கள், காலை 6.40

சேர் உரப்பைப் பற்றி வடிவாக எழுதிவிட்டார். மிச்சத்தை நான் தொடர்கிறேன். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்திலிருந்து என்னை விடாமல் பிடித்திருக்கிற விசயம் இது, கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் பழைய கதை. இத்தாலியில் ஸ்பலன்சானி என்பவர் 1793, 94 அளவில் வௌவால்களின் கண்ணைப் போக்கிவிட்டுப் பறக்கவிட்டார். அவை கம்பி நூல்களுக்கு நடுவில் தட்டாமல் பறந்தன. தேவாலய மணிக்கூண்டுக்குத் திரும்பிய சிலவற்றைப் பிடித்துப் பார்த்தபோது வயிறு நிறையப் பூச்சி இருந்தது. அதே காலத்தில் ஜெனீவாவில் யூரின் என்பவர் காதை அடைத்துப் பார்த்தார், அவை கண்டபாட்டுக்கு முட்டி மோதின. காது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அந்த ஒலியை மனிதனால் கேட்க முடியாததால் ஒன்றரை நூற்றாண்டு யாரும் சரியாக நம்பவில்லை. 1938இல் அமெரிக்காவில் கிரிஃபின் என்ற மாணவர், பௌதிகப் பேராசிரியர் ஒருவர் செய்து வைத்திருந்த மீயொலிக் கருவிக்கு முன்னால் வௌவாலைக் கொண்டுபோய்ப் பிடித்தபோதுதான் விடை கிடைத்தது.

இனி அக்காவின் கேள்வி. வௌவாலுக்கு உரப்பு ஒரு தகவல். அதைவிட உறுதியான தகவல் நேரம். 1 மீற்றரில் உள்ள பொருளின் எதிரொலி ஏறத்தாழ 6 மில்லிசெக்கனில் திரும்பும், 2 மீற்றர் என்றால் 12. சிமன்ஸ் என்பவர் 1970களின் தொடக்கத்தில் வௌவால்களைப் பழக்கி, இரண்டு மேடைகளில் எது கிட்ட என்று தெரிவு செய்ய வைத்தார். ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கும் குறைந்த வித்தியாசத்தை அவை பிடித்தன. அதே காலத்தில் தூரத்தை மாற்றாமல் இரண்டு முக்கோணங்களை வைத்துப் பெரியதைத் தெரிய வைத்தும் பார்த்தார்கள். அதையும் பழகின. பெரிய முக்கோணத்தின் எதிரொலி உரப்பாக இருந்தது.

அப்புறம் காதுக்குள்ளேயே ஒரு ஏற்பாடு உண்டு. கத்துவதற்குச் சற்று முன் நடுக்காதின் ஒரு சின்னத் தசை இறுகிக் காதை மந்தமாக்கும். கத்தி முடிந்ததும் சில மில்லிசெக்கன்களில் மெல்ல மெல்லத் தளரும். ஆகவே கிட்ட இருந்து கெதியாக வரும் எதிரொலி மந்தமான காதில் விழுகிறது, தூரத்திலிருந்து பிந்தி வருவது கூர்மையான காதில் விழுகிறது. கிட்டப் போகப் போக வௌவால் தன் குரலையும் தாழ்த்திக்கொள்ளும். தூரத்தால் வரும் உரப்பு வித்தியாசத்தில் ஒரு பங்கை உடம்பே ஈடு செய்துவிடுகிறது. சேர் போட்ட பதினாறு மடங்கு அப்படியே மூளைக்குப் போய்ச் சேராது.

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது. மிச்சம் இரவு.

---

கிடுகுக்கூரை | திங்கள், பிற்பகல் 1.10

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டு முகட்டில் நாலைந்து சின்ன வௌவால் தொங்குகின்றன. பிள்ளைகளுக்கு ஏதும் வருமா, கலைக்க வேண்டுமா?

---

மல்லாவி விலங்கியல் | திங்கள், இரவு 7.55

அண்ணை, கலைக்கத் தேவையில்லை, கையால் மட்டும் தொட வேண்டாம். கீழே விழுந்து கிடப்பதைப் பிள்ளைகள் எடுக்கவே கூடாது. கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், விசர்நாய்க்கடி நோய்க்குக் கொடுக்கிற அதே ஊசிக்காக. மற்றப்படி அவை உங்களுக்கு உதவிதான். நெல்லுக்கு வருகிற அந்துகளையும் தத்திகளையும் தின்கிற வௌவால்கள் இருக்கின்றன. தாய்லாந்தில் குகை வௌவால்கள் வெண்முதுகுத் தத்தியை ஏராளமாகத் தின்பதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

காலையில் விட்ட இடத்துக்கு வருகிறேன். உரப்பு, நேரம் என்ற இரண்டையும் தாண்டி மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: அகலம். பெரிய பொருளில் பட்ட ஒலி இடமிருந்து வலம் வரை பல கோணங்களில் இருந்து திரும்பும். சின்னப் பொருளிலிருந்து ஒரே புள்ளியில் இருந்து வரும். நாம் கண்ணால் ஒரு வீடு எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்று பார்க்கிறோமே, அதற்குச் சமமானது. மூனிக்கில் வீக்ரேபே என்ற பேராசிரியரின் குழு, வௌவால்கள் இந்த அகலத்தை உணர்கின்றன என்று 2011இல் காட்டியது.

அதற்குப் பிறகு 2013இல் அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகப் பிடித்த பரிசோதனை. அறையில் பொருளே கிடையாது. வௌவால் கத்துகிறது, மைக் அதைப் பிடிக்கிறது, கணினி அதை இன்ன அகலமுள்ள, இன்ன தூரத்திலுள்ள பொருளின் எதிரொலியாக மாற்றி, வரிசையாக வைத்த ஸ்பீக்கர்கள் வழியாகத் திருப்பி அனுப்புகிறது. வௌவாலுக்கு அங்கே ஒரு பொருள் இருக்கிறது. அகலமானதையும் ஒடுங்கியதையும் பிரித்தறிய முதலில் பழக்கினார்கள், பழகிவிட்டன. பிறகு தூரத்தையும் கலந்து மாற்றினார்கள். நமக்கென்றால், தூரத்தில் உள்ள ஆள் சின்னதாகத் தெரிந்தாலும் சின்ன ஆள் என்று நினைக்க மாட்டோம். தூரத்தையும் தோற்றத்தையும் மூளை தானாகவே பெருக்கிக்கொள்கிறது. வௌவாலும் அப்படிச் செய்யும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்திருப்பார்கள்.

செய்யவில்லை. அகலத்தைத் துல்லியமாகப் பிரித்தறிந்தன, தூரத்தையும் துல்லியமாகப் பிரித்தறிந்தன. ஆனால் இரண்டையும் சேர்த்து "இது உண்மையில் இவ்வளவு பெரிய பொருள்" என்ற முடிவுக்குத் தாமாக வரவில்லை.

இதற்கு அவர்கள் சொன்ன இரண்டு விளக்கங்களில் ஒன்று, அந்தப் பொருள் வௌவாலின் வாழ்க்கையில் எதற்கும் பயன்பட்ட, பழகிய பொருளாக இருந்தால்தான் அந்தக் கணக்கு நடக்கலாம் என்பது. ஸ்பீக்கரிலிருந்து வந்தது அவை தின்றதும் இல்லை, தொங்கியதும் இல்லை.

---

முதிரையடி | திங்கள், இரவு 8.30

தம்பி, நீ சொல்வது விளங்குகிறது. ஆனால் பழக்கம் என்றால் பிறந்து மூன்று நான்கு கிழமையில் பறக்கத் தொடங்குகிற குட்டி எங்கே போய்ப் பழகும்? முதல் இரவே மரத்தில் அடிபட்டுச் சாகுமே. பிறவியில் ஒன்றும் இல்லை என்றால் எனக்கு ஏற்கக் கஷ்டமாக இருக்கிறது.

---

மல்லாவி விலங்கியல் | திங்கள், இரவு 9.15

ஐயா, பிறவியில் ஒன்றும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நிறைய இருக்கிறது, அதற்குச் சான்றும் இருக்கிறது.

பல்கேரியாவில் 2010இல் ஒரு பரிசோதனை. வழுவழுப்பான தகட்டைத் தரையில் கிடையாக வைத்தால் வௌவால் அதைத் தண்ணீர் என்று நினைத்துக் குடிக்கப் போகிறது. உலோகம், பிளாஸ்ரிக், மரம் எதுவானாலும் வழுவழுப்பு இருந்தால் போதும். வாழ்நாளில் குளத்தையே காணாத இளம் வௌவால்களும் முதல் தடவையிலேயே குடிக்கக் குனிந்தன. தண்ணீர் பிறவி அறிவு.

தூரமும் அப்படியே. இஸ்ரேலில் 2021இல் வெளியான ஆராய்ச்சி, குட்டிகளைப் பிறந்த நாளிலிருந்து ஹீலியம் கலந்த காற்றில் வளர்த்தது. அங்கே ஒலி வேகமாக ஓடும், எதிரொலி முந்தி வரும். அதிலேயே வளர்ந்தவையும் பொருள் உண்மையில் இருப்பதைவிடக் கிட்ட இருப்பதாகவே எடுத்துக்கொண்டன, சாதாரணக் காற்றில் வளர்ந்தவை அங்கே போனால் செய்யும் அதே பிழை. நேரத்தைத் தூரமாக மாற்றும் அளவுகோல் பிறவியிலேயே பதிந்திருக்கிறது, அனுபவம் அதைத் திருத்தவில்லை.

என் கருத்து இதுதான்: எவ்வளவு தூரம் என்பது பிறவி. எவ்வளவு பெரிது, அது என்ன பொருள் என்பது பெரும்பாலும் பழக்கம். முன்னே சொன்ன கிரிஃபினும் தோழர்களும் 1965இல் எழுதியது: மாப்புழுவையும் பிளாஸ்ரிக் வட்டுகளையும் சேர்த்து வௌவாலின் வழியில் காற்றில் எறிந்தார்கள். முதலில் அவை எல்லாவற்றுக்கும் பாய்ந்தன. நாளாக ஆகத்தான் வட்டை விட்டுப் புழுவைப் பிடிக்கப் பழகின. அக்கா, உங்கள் குளக்கட்டில் நடப்பது இதன் ஒரு துண்டுதான். கடலை அளவு என்பது பூச்சி அளவு, வந்து பார்த்துவிட்டுப் போகலாம். தேசிக்காய் அளவில் அவை தின்னக்கூடிய பூச்சி இரணைமடுவில் பறக்காது.

---

செவிவழி | திங்கள், இரவு 11.05

இந்த இழையைப் போன் எனக்கு வாசித்துக் காட்டியது. இரண்டு தடவை கேட்டேன். கண்ணைப் போக்கிய வௌவால்களின் இடத்தில் கொஞ்ச நேரம் போனை நிறுத்தி வைத்துவிட்டேன்.

எனக்கு இரண்டு கண்ணும் 2009 பங்குனியில் போயின. அப்போது வயது இருபத்தாறு. இப்போது புதுக்குடியிருப்பில் இருக்கிறேன். நாக்கால் சொடுக்கிச் சொடுக்கி நடக்கப் பழகினேன். யாரும் சொல்லித் தரவில்லை. முதலில் தடியால் தட்டினேன், பிறகு கிணற்றுக்குக் கிட்டப் போனால் தட்டுகிற சத்தம் மாறுவதைக் கவனித்தேன், பிறகு வாயாலேயே செய்தேன்.

நான் பட்டதைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படுமோ தெரியாது. தொடக்கத்தில் எனக்கு ஏதோ இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். இருக்கிறது, இல்லை. அவ்வளவுதான். எங்கள் ஒழுங்கையில் ஒரு சீமெந்துத் தூணும், அதற்கு அப்பால் ஒரு மதிலும் உண்டு. எத்தனையோ நாள் தூணை மதில் என்று நினைத்துச் சுற்றிப் போயிருக்கிறேன். மதிலைத் தூண் என்று நினைத்து அடிபட்டும் இருக்கிறேன். அது பெரிது, இது சிறிது என்று காது எப்போது சொல்லத் தொடங்கியது தெரியுமா? நான் தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்த பிறகு. மதிலைக் கையால் தடவிக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்த பிறகு. அதன் பின் ஒழுங்கையின் எந்தப் பக்கத்தில் நின்று சொடுக்கினாலும் தூண் தூணாகவே கேட்கிறது. தூர நின்றாலும் கிட்ட நின்றாலும் அது அதே பருமன்தான்.

அதனால் அந்த மூனிக் வௌவால்களை நினைத்து எனக்கு வியப்பே இல்லை. ஸ்பீக்கரிலிருந்து வந்ததைக் கட்டிப்பிடிக்க முடியாதே.

---

நெடுங்கேணிப் பௌதிகம் | செவ்வாய், காலை 5.50

அண்ணை, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு இரவு நித்திரை வரவில்லை. நன்றி.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நாக்குச் சொடுக்கின் பெரும்பங்கு சில கிலோஹேட்ஸ்தான். 3 கிலோஹேட்ஸ் என்றால் அலைநீளம் ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர். வௌவாலுக்கு நுளம்பு தெரிகிற இடத்தில் உங்களுக்கு அகலமான தூண் தெரிகிறது என்பது அந்தக் கணக்கோடு பொருந்துகிறது. நீங்கள் கேட்பது அதே விதிகளின்படிதான், அலை மட்டும் நீளம்.

---

மல்லாவி விலங்கியல் | செவ்வாய், காலை 6.25

செவிவழி அண்ணை, 2015இல் வெளியான ஆய்வு ஒன்று நீங்கள் சொன்னதையே சொல்கிறது. நாக்குச் சொடுக்கில் கைதேர்ந்த பார்வையற்ற ஒருவரிடம் வெவ்வேறு தூரத்தில் வெவ்வேறு அளவுப் பொருள்களை வைத்துக் கேட்டார்கள். தூரத்தைத் தானாகவே கழித்துவிட்டு உண்மை அளவை அவர் சொன்னார். வருடக்கணக்காக இதிலேயே வாழ்ந்தவர்.

உங்களிடம் ஒரு கேள்வி, விருப்பமில்லாவிட்டால் விட்டுவிடுங்கள். பெரிய பொருள், ஆனால் எதிரொலி மெல்லியது, அப்படி ஏதும் உங்களை ஏமாற்றியிருக்கிறதா? ஏன் கேட்கிறேன் என்றால், 2020இல் தெல் அவீவ் பல்கலைக்கழகத்தவர்கள் பறக்கிற வழியில் பஞ்சுத் தட்டிகளால் ஒரு சுவர் எழுப்பினார்கள். பெரிய சுவர், ஆனால் பஞ்சு ஒலியைக் குடித்துவிடுவதால் எதிரொலி மிகச் சன்னம். வௌவால்கள் நேரே போய் மோதின. அங்கே ஏதோ இருப்பதை அவை அறிந்திருந்தன என்று அவற்றின் குரலிலிருந்து தெரிந்தது. ஆனாலும் மோதின. இவ்வளவு அகலமான ஒன்று இவ்வளவு சன்னமாக ஒலிப்பதை இயற்கையில் அவை கேட்டதில்லை. அகலம் ஒன்று சொல்கிறது, உரப்பு வேறொன்று சொல்கிறது, இரண்டும் பொருந்தாதபோது சுவர் சுவராகவே தெரியவில்லை.

---

செவிவழி | செவ்வாய், இரவு 8.40

ஏமாற்றியிருக்கிறது. கொடியில் காய்கிற போர்வை. எத்தனை தடவை முகத்தில் அடித்திருக்கிறது.

உங்கள் கேள்வியைக் கேட்டுவிட்டு இன்று பின்னேரம் மகளோடு ஒரு வேலை செய்தேன். அவளுக்கு ஒன்பது வயது. திண்ணையில் என்னை இருத்தி, எனக்கு முன்னால் ஒருமுறை சுளகைப் பிடித்தாள், ஒருமுறை எவர்சில்வர்த் தட்டத்தைப் பிடித்தாள். சுளகு தட்டத்தைவிட நல்ல அகலம், ஆனால் பனையோலைப் பின்னல். ஒரு முழம், இரண்டு முழம், மூன்று முழம் என்று மாற்றி மாற்றி நின்றாள். எது பெரிது என்று மட்டும் நான் சொல்ல வேண்டும்.

ஒரு முழத்தில் இரண்டும் வடிவாகத் தெரிந்தன, சுளகு பெரிது என்றேன். இரண்டு முழத்தில் தட்டம் பெரிது என்றேன். பிழை. மூன்று முழத்தில் சுளகு இருந்ததே தெரியவில்லை. தட்டம் பளீரென்று கேட்டது. மகள் சிரித்தாள், "அப்பா, சுளகு எவ்வளவு பெரிசு!" என்றாள்.

பிறகு சுளகை மடியில் வாங்கி விளிம்பு முழுக்கத் தடவினேன். பின்னல், வளைவு, அரிசித் தவிடு ஒட்டியிருந்த மூலை எல்லாம். கிட்டப் பிடித்துச் சொடுக்கிச் சொடுக்கிக் கேட்டேன். தகரத்தைப் போல முகத்தில் அடிக்காது. ஒரு மெல்லிய மூச்சு மாதிரி, அகலமாக வரும். அதன் பிறகு இரண்டு முழத்தில் மாறி மாறிப் பிடித்தாள், பெரும்பாலும் சரியாகச் சொன்னேன். மூன்று முழத்தில் இன்னும் வரவில்லை.

---

இரணைமடுக்காரி | செவ்வாய், இரவு 9.30

செவிவழி அண்ணை, மகனுக்கு நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். சுளகு கதையை மூன்று தடவை வாசிக்கச் சொன்னான்.

எங்கள் பக்கத்தில் நடந்ததையும் சொல்கிறேன். இன்று அதே இடத்தில் அதே கடலை உருண்டை எறிந்தோம். முதல் நாள் வந்ததுபோல் வரவில்லை. பத்து எறிந்தால் ஒன்று இரண்டுக்குத்தான் வளைந்தன. நூறடி தள்ளித் துருசுப் பக்கம் போய் எறிந்தபோது திரும்பவும் பழையபடி வந்தன. எங்கள் இடத்து வௌவால்கள் களிமண்ணைப் படித்துவிட்டன என்று மகன் சொல்கிறான்.

---

மல்லாவி விலங்கியல் | செவ்வாய், இரவு 9.50

அப்படியும் இருக்கலாம் அக்கா. ஆனால் உடனே முடிவுக்கு வர வேண்டாம். இன்று அங்கே வேறு வௌவால்கள் சுற்றியிருக்கலாம், பூச்சி கூடுதலாக இருந்திருக்கலாம். வயிறு நிறைய வழி இருக்கும்போது சந்தேகமான உருண்டைக்கு வளைய மாட்டா. இரண்டு இடத்திலும் ஒரே பின்னேரம், ஒருவர் இங்கே ஒருவர் அங்கே நின்று, மாறி மாறி எறிந்து ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். எறிந்தது எத்தனை, வளைந்து வந்தது எத்தனை. காற்று இருந்ததா, நிலவு இருந்ததா என்றும் எழுதட்டும். களிமண்ணைக் கொஞ்சமாகவே எறியட்டும், அவற்றின் இரவு வேட்டை நேரம் வீணாகக் கூடாது.

---

முதிரையடி | புதன், காலை 5.30

செவிவழி தம்பி, சுளகைத் தடவிய பிறகு கேட்டது என்றாய். அந்த ஒரு வரிக்காக என் சொல்லை மாற்றிக்கொள்கிறேன். தூரம் பிறவி, பருமன் பழக்கம். மல்லாவித் தம்பி சொன்னபோது பாதி ஏற்றேன், நீ சொன்னபோது மிச்சமும் ஏற்றாயிற்று.

என்னிடம் முதிரைப் பலகைத் துண்டுகள் கிடக்கின்றன. இழைத்தது ஒன்று, இழைக்காதது ஒன்று, ஒரே அளவில் வெட்டித் தரலாம். புதுக்குடியிருப்புப் பக்கம் வெள்ளிக்கிழமை வருவேன். உனக்கு வேண்டுமா?

---

செவிவழி | புதன், காலை 6.15

வேண்டும் ஐயா. மூன்று அளவில் வெட்ட முடிந்தால் நல்லது. வரும்போது என் கையில் தர வேண்டாம், மகளிடம் கொடுங்கள். தடவிப் பார்ப்பதற்கு முன்னால் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.